டர்பனில் கால்நடைச் செவிலியருக்கான சிறுநீர் நுண்ணோக்கிப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

டர்பன் நகரில் கால்நடைச் செவிலியர்களுக்காக வார இறுதியில் நடத்தப்படும் சிறுநீர்ப் பரிசோதனைப் பயிற்சி ஒன்றில், அந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் நாங்கள் நடத்திவரும் வளர்ப்புப் பிராணிகள் மருத்துவமனையின் செவிலியர் இருவருடன் நானும் கலந்துகொண்டேன். நாய், பூனை ஆகியவற்றின் சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்து, கண்டதைச் சரியாக அடையாளம் கண்டு, மருத்துவர் அதை நம்பிச் சிகிச்சையை முடிவு செய்யும் அளவுக்குத் தெளிவாக எழுதித் தரச் செவிலியரைப் பழக்குவதே இப்பயிற்சியின் நோக்கம். அந்த நோக்கத்தில் பெரும்பகுதியை அது நிறைவேற்றுகிறது. குறைகளும் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று பெரியது என்பதால் அதைப் பின்னால் விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் கால்நடைச் செவிலியர் பட்டப்படிப்பு பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டேபூர்ட் வளாகத்தில் கற்பிக்கப்படுகிறது. சிறுநீர்ப் பரிசோதனையை அங்கே படிக்காமல் யாரும் செவிலியராக வெளியே வருவதில்லை. ஆனால் வேலைக்கு வந்தபின், இரத்தப் பரிசோதனையைக் கருவி செய்து எண்களை அச்சிட்டுக் கொடுத்துவிடுவதால், நுண்ணோக்கி பல மருத்துவமனைகளில் உறை போட்டபடியே நிற்கிறது. சோதனைப் பட்டையை நனைத்து, நிறம் மாறியதைக் குறித்துக்கொண்டு, மிச்சச் சிறுநீரைக் கொட்டிவிடும் வழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றிவிடுகிறது. அந்தப் பட்டை மனிதச் சிறுநீருக்காகச் செய்யப்பட்டது. அதில் வெள்ளையணுவைக் காட்டும் கட்டம் நாய்களில் தொற்று இருந்தாலும் பல வேளை காட்டாமல் விடும். பூனைகளில் தொற்று இல்லாமலேயே காட்டும். சிறுநீர் எவ்வளவு செறிவானது என்பதைக் குறிக்கும் ஒப்படர்த்திக் கட்டத்தையும் நம்புவதற்கில்லை. அதற்கு, ஒளி வளைவதைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர்தான் வேண்டும். ஆகவே நுண்ணோக்கியைக் கைவிட்ட மருத்துவமனை, சிறுநீர் சொல்லக்கூடிய செய்தியில் பாதியைக் கேட்காமலேயே விடுகிறது. கைப்பழக்கத்தை மீட்டுக்கொள்ள ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரிட்டோரியாவுக்கு ஒரு செவிலியரை அனுப்புவது சிறிய மருத்துவமனைகளுக்கு எளிதன்று. எனவே இப்படியொரு பயிற்சி டர்பனிலேயே நடப்பதை நான் மனமார வரவேற்கிறேன்.

முதல் நாள் முற்பகல் முழுவதும் யாரும் நுண்ணோக்கியைத் தொடவில்லை. சிலருக்கு இது ஏமாற்றமாக இருந்ததை முகத்திலேயே காண முடிந்தது. எனக்கோ இந்தப் பயிற்சியின் மீது நம்பிக்கை பிறந்ததே அப்போதுதான். சிறுநீர் எப்படி எடுக்கப்பட்டது, எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது, இடையில் எங்கே வைக்கப்பட்டிருந்தது ஆகிய மூன்றும் தெரியாமல் பார்க்கப்படும் ஸ்லைடு எதையும் உறுதியாகச் சொல்லாது என்பதைப் பயிற்சியாளர் மீண்டும் மீண்டும் வலியுறுத்தினார். தரையிலிருந்து உறிஞ்சி எடுத்த சிறுநீரில் பாக்டீரியா இருப்பதற்குப் பொருளே இல்லை. ஊசி வழியாகச் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுத்ததில் பாக்டீரியா இருந்தால் அது கவனிக்கத்தக்கது. அதே மாதிரியில் சில சிவப்பணுக்கள் தென்பட்டால், ஊசி குத்தியதனால் வந்தவையாகவும் அவை இருக்கலாம். இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளவைதாம். ஆயினும் அன்றாட வேலையின் அவசரத்தில் மாதிரிக் குப்பியின் மேல் நாயின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, எடுத்த முறையையும் நேரத்தையும் எழுதாமல் விடுவது எத்தனை மருத்துவமனைகளில் நடக்கிறது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அதன்பின் நடந்த பயிற்சிதான் அந்த இரு நாட்களிலும் மிகச் சிறந்தது என்பேன். ஒரே நாயின் சிறுநீரை மூன்று வேளைகளில் எடுத்து வைத்திருந்தார்கள். ஒன்று அப்போதுதான் எடுத்தது. ஒன்று அதே நாயிடம் காலையில் எடுத்து மேசைமேல் சில மணி நேரம் இருந்தது. மற்றொன்று முந்தைய நாள் எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் இரவு முழுவதும் இருந்தது. எது எது என்று சொல்லாமல் மூன்றையும் ஒவ்வொருவரும் பார்த்து எழுத வேண்டும். டர்பனின் கோடை வெப்பமும் காற்றின் ஈரமும் மேசைமேல் இருந்த மாதிரியை எந்த அளவுக்குக் குலைத்திருந்தன என்பதை எல்லாரும் தம் கண்ணாலேயே கண்டார்கள்: அணுக்கள் சிதைந்து, பாக்டீரியா பெருகி, காரத்தன்மை கூடியிருந்தது. குளிரில் இருந்ததில் அணுக்கள் ஓரளவு காப்பாற்றப்பட்டிருந்தன. ஆனால் புதிய மாதிரியில் இல்லாத கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அதில் தோன்றியிருந்தன. அந்தப் படிகங்களை உண்மையென்று எழுதிக் கொடுத்திருந்தால், கல்லே இல்லாத நாய்க்குக் கல்லுக்கான உணவு மாதக்கணக்கில் போடப்பட்டிருக்கும். அரை மணி நேரத்துக்குள், தவறினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். முடியாதென்றால் குளிரில் வைத்து, பார்க்கும் முன் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, குளிரில் இருந்ததென்று அறிக்கையில் எழுத வேண்டும் என்ற விதியை இனி யாரும் எங்கள் செவிலியருக்கு நினைவூட்டத் தேவையில்லை. லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்த காலத்தில் குளிர்பதனப் பெட்டியே அணைந்து கிடந்த மாதிரிகளைப் பற்றியும் ஒருவர் கேட்டார். மின்சாரம் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது என்பதையும் குப்பியின் மேலேயே எழுதுங்கள் என்பதே பதில்.

சிறுநீரைச் சுழற்றி வண்டலைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் பற்றிய பகுதி சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது. 5 மில்லி லிட்டர் சிறுநீர், நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று, 5 நிமிடம். பின் மேல்நீரை வடித்து, அரை மில்லி லிட்டரை அடியில் விட்டு, வண்டலை மெதுவாகத் தட்டிக் கலக்கி, ஒரு துளியை ஸ்லைடில் வைத்துக் கவர் ஸ்லிப்பால் மூட வேண்டும். இந்த அளவுகள் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருந்தால்தான் இன்று பார்த்த எண்ணிக்கையை அடுத்த மாதம் பார்க்கும் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியும். பூனையிடமிருந்து 2 மில்லி லிட்டர்தான் கிடைத்ததென்றால் அதையும் பார்க்கலாம்; அந்த அளவை எழுதிவைப்பதே முக்கியம். வேகத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியுமென்று சுழற்றுபவர்கள் சிறுநீரக நுண்குழாய்களில் உருவாகும், காஸ்ட் எனப்படும் உருளை வடிவப் படிவங்களை உடைத்துவிடுகிறார்கள் என்பதும், நிற்கும் முன்பே பிரேக்கை அழுத்தினால் அடியில் சேர்ந்த வண்டல் மறுபடியும் கலங்கிவிடும் என்பதும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு உறுதியாகப் பயன்படும்.

நுண்ணோக்கியின் முன் அமர்ந்தபோது முதலில் திருத்தப்பட்டது வெளிச்சம். இரத்தப் பூச்சைப் பார்த்துப் பழகியவர்கள், ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை மேலே ஏற்றி, விளக்கை முழுப் பிரகாசத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சாயம் ஏற்றாத சிறுநீரில் அப்படிப் பார்த்தால் பாதிப் பொருள்கள் வெளிச்சத்தில் கரைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். கண்டென்சரை இறக்கி, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் ஐரிஸ் டயாஃப்ரத்தைச் சற்று மூடியதும் காலியாகத் தெரிந்த இடத்தில் கண்ணாடிபோல் நிறமற்ற ஒரு காஸ்ட் தென்பட்டபோது, என் அருகில் இருந்த செவிலியர் வாய்விட்டே வியந்தார். பயிற்சியாளர் ஒவ்வொரு இருக்கைக்கும் சென்று, ஒவ்வொருவர் கையாலேயே அந்த மாற்றத்தைச் செய்யவைத்தார். உதவிப் பயிற்சியாளர் இசிசூலு மொழியிலும் விளக்கியதால் யாரும் பின்தங்கவில்லை. சாயத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன்: முதலில் சாயமின்றிப் பார்க்க வேண்டும், ஐயம் எழுந்தால் மட்டுமே சாயம் கலந்த இன்னொரு துளியைப் பார்க்க வேண்டும். சாயம் மாதிரியை நீர்க்கச் செய்கிறது. பழைய புட்டியில் அதுவே படிகமாகப் படிகிறது. சில வேளை அதிலேயே பாக்டீரியா வளர்ந்துவிடுகிறது.

பார்க்கும் ஒழுங்கும் நன்றாகக் கற்பிக்கப்பட்டது. 10 மடங்கு லென்ஸில் கவர் ஸ்லிப் முழுவதையும், குறிப்பாக ஓரங்களைச் சுற்றிப் பார்த்துக் காஸ்ட்களைத் தேட வேண்டும்; பிறகு 40 மடங்கு லென்ஸில் ஒரு பார்வையில் தெரியும் வட்டமான புலங்கள் பத்தைப் பார்த்து அணுக்களை எண்ணிச் சராசரி எழுத வேண்டும். ஒரு புலத்துக்கு 5-க்கும் குறைவான சிவப்பணுக்களையும் 5-க்கும் குறைவான வெள்ளையணுக்களையும் பொதுவாக இயல்பென்றே கொள்ளலாம். ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்று எழுதும் பழக்கத்தை விடச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பணு என்று தவறாக எண்ணப்படுபவை பற்றிய பகுதியும் பொன்னானது. பூனைச் சிறுநீரில் இயல்பாகவே மிதக்கும் கொழுப்புத் துளிகள் அளவில் பெரிதும் சிறிதுமாக இருக்கும். அவை கவர் ஸ்லிப்பை ஒட்டி மேல் தளத்தில் மிதப்பதால், ஃபோகஸைச் சற்றே மேலே திருப்பினால் தெளிவாகும். கையுறையிலிருந்து உதிரும் மாவுத் துகளின் நடுவே சிலுவைபோன்ற ஒரு கோடு தெரியும். காற்றுக் குமிழுக்குக் கறுத்த தடித்த விளிம்பு இருக்கும். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஸ்லைடில் காட்டியது படத்தில் காட்டுவதைவிடப் பலமடங்கு பயன் தந்தது.

படிகங்களுக்கு அதிக நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவை அழகானவை; எளிதில் மனத்தில் பதிபவை; அதனாலேயே அவற்றுக்குத் தகுதிக்கு மீறிய முக்கியத்துவம் கிடைக்கிறது என்பது என் நெடுநாளைய கருத்து. சவப்பெட்டி மூடிபோன்ற ஸ்ட்ருவைட், பின்புறம் குறுக்குக் கோடிட்ட அஞ்சல் உறைபோன்ற கால்சியம் ஆக்சலேட் ஆகிய இரண்டையும் ஆரோக்கியமான நாயிடமும் காணலாம். நாயில் ஸ்ட்ருவைட் கல் பெரும்பாலும் யூரியாவைச் சிதைக்கும் பாக்டீரியாத் தொற்றோடு சேர்ந்தே வரும். பூனையில் பெரும்பாலும் தொற்றின்றியே வரும். இந்த வேறுபாட்டைப் பயிற்சியாளர் விளக்கிய முறை சிறப்பாக இருந்தது. பெரும்பாலும் நோயைக் குறிக்கும் படிகங்களையும் அவர் தனியே பிரித்துச் சொன்னார்: அறுகோண வடிவச் சிஸ்டைன், முட்கள் நீட்டிய அம்மோனியம் பையூரேட். பின்னது டால்மேஷன் நாய்களில் பிறவியிலேயே யூரிக் அமிலத்தைக் கையாளும் குறையினால் வரலாம். மற்ற இனங்களில் கண்டால் கல்லீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தம் வேறு வழியில் செல்கிறதா என்று மருத்துவர் தேட வேண்டும். ரேடியேட்டர் குளிரூட்டி நீரை நக்கிய நாயில் தோன்றும், நீண்டு கூர்மையான ஆக்சலேட் படிகத்தைக் கண்டால் நொடியும் தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருந்தது.

எங்கள் ஊருக்கு எல்லாவற்றிலும் மேலான பகுதி சிவப்புச் சிறுநீர் பற்றியது. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் வாழும் நாய்க்காரர் ஒவ்வொருவருக்கும் ‘பிலியரி’ என்ற நோயின் பெயர் தெரியும். அதைத் தரும் பபேசியா ரோஸி என்ற ஒட்டுண்ணியை மஞ்சள் நாயுண்ணி நாயைக் கடித்துப் பரப்புகிறது. அந்த ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கிறது. உடைந்த அணுக்களிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின் சிறுநீரைச் சிவப்பாகவோ காப்பி நிறமாகவோ ஆக்குகிறது. அதே நிறத்தைச் சிறுநீர்ப்பைக் கல்லும் புற்றும் அடிபட்ட காயமும் தரலாம். சோதனைப் பட்டையில் இரத்தத்துக்கான கட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலவே நிறம் மாறும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய பிறகுதான் வேறுபாடு தெரியும்: மேல்நீர் தெளிந்து அடியில் சிவப்பு வண்டல் தங்கினால் முழு அணுக்கள் இருக்கின்றன, மேல்நீர் சிவப்பாகவே நின்று, வண்டலில் சிவப்பணு இல்லையென்றால் ஹீமோகுளோபினையோ தசைப் புரதமான மயோகுளோபினையோ நினைக்க வேண்டும். அப்போது இரத்தத்தின் பிளாஸ்மாவைப் பார்த்தால் அது சிவந்திருப்பதும் தெளிந்திருப்பதும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். ஒப்படர்த்தி 1.008-க்கும் கீழே இருக்கும் நீர்த்த சிறுநீரில் சிவப்பணுக்கள் தாமாகவே வெடித்து மேல்நீரைச் சிவக்கச் செய்யும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடச் சுழற்சியின் முடிவில் செவிலியர் மருத்துவரிடம் ஓடிச்சென்று சொல்லும் ஒரு வாக்கியம், நாய்க்கு இரத்தப் பூச்சு உடனே எடுக்கப்படுமா, அல்லது அது எக்ஸ்ரே அறைக்கு அனுப்பப்பட்டு நேரம் வீணாகுமா என்பதைத் தீர்மானிக்கும். இந்தப் பாடத்துக்காக மட்டுமே கூட இப்பயிற்சிக்குச் செல்லலாம்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். பாக்டீரியாவைப் பற்றிய பகுதி அவசர அவசரமாக முடிந்தது. ஈரமான ஸ்லைடில் கோல் வடிவப் பாக்டீரியாவை ஓரளவு அடையாளம் காணலாம். உருண்டை வடிவத்தவை, தாமாகவே துடிக்கும் நுண்துகள்களோடு எளிதில் குழம்பிவிடும். வண்டலின் ஒரு துளியைக் காற்றில் உலர்த்தி, இரத்தப் பூச்சுக்குப் பயன்படுத்தும் டிஃப்-குவிக் சாயத்தையே ஏற்றி, எண்ணெய் லென்ஸில் பார்த்தால் இந்தக் குழப்பம் பெரிதும் தீரும். எல்லா மருத்துவமனைகளிலும் அந்தச் சாயம் இருக்கிறது. இதைச் சொன்னார்களே தவிரச் செய்து பார்க்க நேரம் தரவில்லை. தேவையற்ற ஆன்டிபயாட்டிக் ஒவ்வொன்றும் கெடுதல் செய்யும் காலத்தில், ‘பாக்டீரியா உண்டு’ என்று தவறாக எழுதப்படும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை என்பதை எண்ணும்போது, படிகங்களின் நேரத்தில் ஒரு பகுதியை இங்கே மாற்றியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். பூனை மாதிரிகள் மிகக் குறைவு. காஸ்ட்களில் துகள் நிறைந்தவையும் மெழுகு போன்றவையும் திரையில் படமாகவே காட்டப்பட்டன; அவை விரைவில் சிதைபவை என்பதால் நேரில் கிடைப்பது கடினம் என்பதை உணர்கிறேன்; ஆனாலும் படத்தில் பார்த்துக் கற்றவர், நிறமற்று மங்கித் தெரியும் உண்மையான காஸ்ட்டை முதல்முறை கடந்து போய்விடுவார்.

பெரிய குறை, பயிற்சி முடிந்த பிறகு எதுவும் இல்லை என்பதே. சான்றிதழும் தொடர்கல்விப் புள்ளிகளும் கிடைக்கின்றன. ஆனால் செவிலியர் தம் மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதும் அறிக்கை சரியா தவறா என்று சொல்ல யாருமில்லை. இந்தத் திறன் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டே வளரும். திருத்துபவர் இல்லாமல் ஆயிரம் ஸ்லைடு பார்த்தாலும் முதல் தவறு ஆயிரம் முறை உறுதிப்படும். பயிற்சி நடத்துபவர்கள் மாதத்துக்குச் சில ஸ்லைடுப் படங்களை அனுப்பி, பதிலை வாங்கித் திருத்தி அனுப்பினாலே போதும். கட்டணத்தைச் சற்று உயர்த்தினாலும் நான் மறுக்கமாட்டேன். அதுவரை நாங்கள் எங்களுக்கென்று ஒரு வழியை வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஸ்லைடை இரு செவிலியரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியே படித்து எழுதுகிறார்கள். வேறுபட்டால் மூவரும் சேர்ந்து பார்க்கிறோம். பாக்டீரியா உண்டென்று எழுதிய மாதிரியை, பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனைக்கு அனுப்பி ஒப்பிடுகிறோம். படிகங்களையும் அணுக்களையும் ஆய்வகத்தின் அறிக்கையோடு ஒப்பிடுவதில் பயன் குறைவு. மாதிரி அங்கே போய்ச் சேர்வதற்குள் மாறிவிடுகிறது.

அறிக்கைப் படிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சியில் தந்த படிவத்தில், ‘அடையாளம் தெரியாதவை’ என்று ஒரு பெரிய கட்டம் இருக்கிறது. எங்கள் இளைய செவிலியர், “அக்கா, தெரியவில்லை என்று எழுதினால் டாக்டர் என்ன நினைப்பார்?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டது பயிற்சியாளர் காதில் விழுந்துவிட்டது. அவர் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார்: தெரியாததை வரையுங்கள், அருகிலிருக்கும் சிவப்பணுவோடு ஒப்பிட்டு அளவு எழுதுங்கள், கண்ணருகு லென்ஸில் கைப்பேசியை வைத்துப் படமெடுங்கள். நாயின் சிவப்பணு ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் குறுக்களவுடையது என்பதால் அது ஒவ்வொரு ஸ்லைடிலும் ஓர் அளவுகோலாக நிற்கிறது. சிறுநீர்ப்பைச் சுவரின் செல்கள் கொத்துக் கொத்தாக, அளவு மாறி மாறித் தெரிந்தால் ‘புற்று’ என்று எழுதக் கூடாது. கண்டதை விவரித்து, மருத்துவரை வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. கண்டதை விடாமல் சொல்வது செவிலியரின் பொறுப்பு. இந்த எல்லையை இவ்வளவு மரியாதையோடு வரைந்து காட்டிய பயிற்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வண்டலைத் தானே படமெடுத்து எண்ணும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. வசதியுள்ள மருத்துவமனைகள் அவற்றை வாங்குகின்றன. அக்கருவி எடுத்த படத்தையும் சரிபார்க்க ஒரு பழகிய கண் வேண்டும் என்பதால், கருவி வைத்திருப்பவர்களுக்கும் இப்பயிற்சி தேவையே. கட்டணம் சிறு மருத்துவமனைக்குச் சற்றுக் கனம்தான். பிரிட்டோரியாவுக்கு அனுப்பும் பயணச் செலவையும் தங்கும் செலவையும் வைத்துப் பார்த்தால் நியாயமானது. பயிற்சியில் தந்த நுண்ணோக்கிகள் மிகத் தரமானவை. நம் மருத்துவமனையில் உள்ளது பழையதென்றால், அதன் கண்டென்சர் இறங்குகிறதா, இந்த ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று போகும் முன்பே பார்த்துச் சரிசெய்துவிடுவது நல்லது. ஒரு மருத்துவமனையிலிருந்து ஒருவரை மட்டும் அனுப்பாமல் இருவரை அனுப்புங்கள்; திரும்பி வந்தபின் ஒருவர் படித்ததை மற்றவர் சோதிக்க அதுவே வழி. மருத்துவர்களும் இரண்டாம் நாள் பிற்பகலுக்காவது போய் அமர்ந்தால், தம் செவிலியர் எழுதும் படிவத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வார்கள். முதன்முறையாகச் சேர்பவர்கள், பூனை மாதிரிகள் எத்தனை வைக்கப்படும், உலர்த்திச் சாயமேற்றும் முறையைக் கையால் செய்ய நேரம் உண்டா என்ற இரண்டையும் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்புக்கு எங்கள் வரவேற்பு மேசையில் இருந்துகொண்டே ஆய்வக வேலையையும் பழகிவரும் உதவியாளரை அனுப்ப இடம் பதிந்திருக்கிறேன்.